நாவுல பஸ்ஸில் பக்கத்து சீட்

நாவுலயிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏழு மணி பஸ்ஸில் சீட் பிடிக்க ஜன்னல் வழியே கைக்குட்டை எறிகிற சனம் அது. குடை எறிவார்கள், அவசரத்துக்குப் பெற்ற பிள்ளையையே உள்ளே தள்ளிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட பஸ்ஸில் றுஸைனாவுக்குப் பக்கத்து சீட் மட்டும் ஐந்து மாதமாகக் காலியாகவே போய்வந்தது.

தேவாலயங்களில் குண்டு வெடித்த ஏப்ரலுக்குப் பிறகுதான் இப்படி. றுஸைனாவுக்கு மாத்தளையில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை. முகத்தை மூடுகிற பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை, தலையில் ஹிஜாப் மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது. நெருக்கியடித்து நிற்கிறவர்கள் அந்த சீட்டைப் பார்ப்பார்கள், பிறகு வெளியே பார்ப்பார்கள். முதல் மாதம் அவமானமாக இருந்தது. இரண்டாம் மாதம் கோபம் வந்தது. மூன்றாம் மாதம் ஒரு வளைவில் சரிந்து, அந்த சீட்டில் கையை ஊன்றினாள். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் சூடாக இருந்தது.

அன்றிலிருந்து ஜன்னலோடு ஒட்டி உட்காரத் தொடங்கினாள். இடம் விடத்தான்.

கூடப்பிறந்த ராத்தா ஸுலைஹாவிடம் சொன்னபோது அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இத வெளிய யாருக்கிட்டயும் செல்லிராத. பைத்தியம்னு செல்லுவாங்க. வேலய உட்டுட்டு ஊட்டோட இரி."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த பஸ்ஸில் அரண்டது யார், பேய் யார் என்பதுதான் விளங்கவில்லை.

ஒரு புதன்கிழமை கண்டக்டர், "ரெண்டு பேரா?" என்று சிங்களத்தில் கேட்டான். முகத்தில் கேலியே இல்லை. றுஸைனா ஒரு ஆளுக்கான காசை நீட்டவே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் கால் படாமல் ஒதுங்கிப் போனான்.

மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு றுஸைனா ஒரே ஒரு துஆதான் கேட்டாள். யாராவது ஒரு மனுஷி வந்து பக்கத்தில் உட்காரட்டும். அது மட்டும் நடந்துவிட்டால் இந்தப் பீடை தொலைந்துவிடும் என்று நம்பினாள்.

அன்றே வழியில் நாலந்தாவில் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் ஏறினார். வாயில் வெற்றிலை, கையில் மரக்கறிப் பை. நேரே றுஸைனாவிடம் வந்து சிரித்தார்.

"இந்த சீட்டு சும்மாதானே இருக்கு மகளே? காலு கடுக்குது."

ஐந்து மாதமாக ஏங்கிய வார்த்தை. றுஸைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உட்காருங்கம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லம்மா, ஆள் இருக்காங்க."

அந்த அம்மா சீட்டைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

"மன்னிச்சுக்கங்க," என்று சீட்டுக்குச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மாத்தளை வரை நின்றே வந்தார்.