தலை மட்டும் மேலே வந்த வாரம்

அந்தக் கோடையில் நான் கேப்டன் பெர்னாபேயின் சுற்றுலாப் படகில் மைக் பிடித்தேன். பார்பாத்தே துறைமுகத்திலிருந்து முப்பது பேரை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலின் வாயிலான ஜலசந்தியின் நடுவுக்குப் போய், ஓர்கா என்னும் கறுப்பு வெள்ளைத் திமிங்கிலங்களைக் காட்டுவது எங்கள் வேலை. இப்போது அவ்வளவு கிட்டே எந்தப் படகையும் விடுவதில்லை. அன்று விட்டார்கள். அவை மூச்சு விட்டால் மீன்வாடையோடு ஈரம் நம் முகத்தில் தெறிக்கும். இருபது வருஷம் ஆகிறது. அந்த வாடை வந்தால் எனக்கு இன்னும் பசிக்கிறது.

ஓர்காவைத் தேட வேண்டியதில்லை, தூண்டில்காரர்களைத் தேடினால் போதும். ஏன் என்று தினமும் மைக்கில் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கே ருசிக்கும். ஜூலையில் சூரை மீன்கள் முட்டையிட்டு முடித்து, மத்தியதரைக் கடலிலிருந்து வெளியே திரும்புகின்றன. ஜலசந்தியின் அடியில் ஒரு மேடு இருக்கிறது. நீரோட்டம் அதில் முட்டி மேலேறும் இடத்தில் சின்ன மீன்கள் திரளும், சூரை நின்று தின்னும். ஆளைவிட நீளமாக வளரும் மீன் அது. தூண்டில் கயிற்றில் ஒரு கல்லை மெல்லிய நூலால் கட்டி இறக்குவார்கள். கல், இரையை ஆழத்துக்குக் கொண்டுபோகும். மீன் கவ்வி இழுத்ததும் நூல் அறுந்து கல் அடியில் விழுந்துவிடும். பிறகு கையால் இழுப்பதுதான். ஆட்களைப் பொறுத்து இருபது நிமிடமோ அரைமணியோ ஆகும்.

ஓர்கா தானாக ஒரு சூரையைப் பிடிக்க, அது களைக்கும்வரை துரத்த வேண்டும். கயிற்றில் மாட்டிய மீன் என்றால் அந்தச் சிரமம் இல்லை. தூண்டில் முள் மீனின் வாயில் இருப்பதும் ஓர்காவுக்குத் தெரியும். ஆகவே செவுளுக்குப் பின்னால் வெட்டிக்கொண்டு, தலையைத் தூண்டில்காரனுக்கு விட்டுவிடும்.

எங்கள் பக்கத்து ஓர்காக் கூட்டத்தை நடத்தியவள் முதுகுத்துடுப்பின் நுனி அறுந்த ஒரு கிழவி. துறைமுகத்தில் அவளுக்கு மாமியார் என்று பெயர். கூப்பிடாமலே சாப்பாட்டு நேரத்துக்கு வருவாள், நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வாள்.

தூண்டில்காரர்களில் எலாதியோ, பெர்னாபேயின் அண்ணன். மூன்று வருஷம் முன்புவரை இருவரும் ஒரே கயிற்றை இழுத்தவர்கள். தம்பி சுற்றுலாப் படகுக்கு வந்தபின் அண்ணனுக்கு மிஞ்சியது தோள்வலிக்காரரான மச்சான் ஹசிந்தோ மட்டும். இருபது நிமிடத்தில் ஏறிய மீன் அரைமணி எடுத்தது. அந்தப் பத்து நிமிடம் மாமியாருக்குப் போதும். ஒவ்வொரு முறை தலை மட்டும் மேலே வந்தபோதும் எங்கள் பயணிகள் கைதட்டினார்கள்.

அந்த வாரம் மூன்று தலைகள். வியாழக்கிழமை நாங்கள் நெருங்கியதும் எலாதியோவின் குரல் ரேடியோவில் வந்தது.

"வாங்க கேப்டன் சார். கைதட்ட ஆள் கூட்டிட்டு வந்தாச்சா?"

"ஏண்ணே காலையிலயே."

"கேட்டுக்க. இன்னைக்கும் தலைதான் வந்துச்சுன்னா படகை வித்துடுறேன். கோனில் ஊர்க்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். குடுத்துட்டு, உங்க அண்ணியோட தக்காளித் தோட்டத்துல உக்காந்துக்குறேன்."

"உனக்குத் தக்காளி தொட்டாலே அரிக்குமே."

"உன் மூஞ்சியப் பாத்தா அரிக்கிறத விடக் கம்மிதான்."

பெர்னாபே சிரித்தார். ஆனால் ரேடியோவைத் தொங்கவிட்ட பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. அண்ணன் சும்மா சொல்கிறவர் இல்லை.

பதினோரு மணிக்கு எலாதியோவின் கயிறு விறைத்தது.

"ரெமே, மாமியார் எங்க?" என்று பெர்னாபே என்னைக் கேட்டார்.

"மேற்கால, அரைக் கிலோமீட்டர். நாலு துடுப்பு தெரியுது. இங்கதான் வர்றாங்க."

அவர் அண்ணனின் படகையே பார்த்தார். ஹசிந்தோ ஒரு கையால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"சுக்கானப் பிடி."

எனக்குப் படகோட்டும் உரிமம் இருந்தது. பிடித்தேன். "நீங்க எங்க போறீங்க?"

"மாமியார் வீட்டுக்கு."

கயிறு இறங்கியிருந்ததற்கு எதிர்ப்பக்கமாக, எலாதியோவின் படகோடு எங்கள் படகை அணைத்தேன். பக்கவாட்டில் தொங்கிய டயரில் கால்வைத்து அவர் தாண்டிவிட்டார். பயணிகள் என்னைப் பார்த்தார்கள். இன்றும் தலை மட்டும் வந்தால் அந்த மனிதர் தன் படகை விற்றுவிடுவார், தயவுசெய்து கைதட்டாதீர்கள் என்று மைக்கில் சொன்னேன்.

இரண்டு பேர் இழுப்பது என்றால் இரட்டிப்பு பலம் என்பதல்ல. ஒருவர் கை பின்னால் வரும்போது மற்றவர் கை முன்னால் போக வேண்டும். கயிறு ஒரு நொடிகூட நிற்காவிட்டால் மீனால் தலையைத் திருப்ப முடியாது. தலை மேல்நோக்கி இருக்கும்வரை அது நீந்துவதெல்லாம் நம் பக்கம்தான். மூன்று வருஷ இடைவெளி அவர்கள் கைகளில் தெரியவே இல்லை. கயிறு சுருள் சுருளாக ஹசிந்தோவின் காலடியில் விழுந்தது.

எங்கள் படகுக்கு அடியில் வெள்ளைத் திட்டு ஒன்று, தண்ணீரின் பச்சை ஏறி, நிதானமாகக் கடந்தது. மாமியார். அவள் ஆழம் போனாள். கயிறு ஒருமுறை பலமாக உதறி, பின் சற்று லேசானது. எலாதியோ ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். இருவரும் இழுப்பை நிறுத்தவில்லை.

சூரை மேலே வந்தது. வாலும், அதோடு ஒரு முழம் சதையும் போயிருந்தன. மற்றதெல்லாம் இருந்தது.

"சுற்றுலாக் கொழுப்பு. கை மெதுவாப் போகுது உனக்கு. அதான் வாலு போச்சு."

"நான் வரலன்னா தலதான் வந்திருக்கும்."

"ஷூவோட ஏறியிருக்கான் பாரு என் படகுல."

அரைமணி நேரம் பொறுத்து ரேடியோவில் கூப்பிட்டேன். "கேப்டன், ஜனங்க வெயில்ல காயறாங்க."

பதில் சொன்னது எலாதியோ. "அவன் வரமாட்டான் பொண்ணு. அடுத்த கல்லு கட்டிட்டு இருக்கான். நீயே கூட்டிட்டுப் போ."

முப்பது பேரையும் நானே கரைசேர்த்தேன். எலாதியோவின் படகு விற்கப்படவில்லை. பெர்னாபேயும் எங்கள் படகுக்குத் திரும்பி வரவில்லை. கம்பெனி வேறொரு கேப்டனைப் போட்டது. அவர் நல்லவர், ஆனால் ரேடியோவில் வானிலையைத் தவிர எதுவும் பேசமாட்டார். நான் மேலும் இரண்டு கோடைகள் அந்தப் படகில் இருந்தேன். கடலடி மேட்டுக்கு மேலே வந்து எஞ்சினைத் தணிக்கும்போது, எல்லாரும் கறுப்புத் துடுப்புகளைத் தேடுவார்கள். நான் தூரத்தில் மாறி மாறிக் குனியும் இரண்டு முதுகுகளைத் தேடுவேன். அவர்கள் ஏசிக்கொள்ளும் சத்தம் கேட்காது. அடிக்கடி ஒருவர் கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டுவதும், உடனே மற்றவர் ஆட்டுவதும் மட்டும் தெரியும்.