இடப்பக்கத்து நோவு

ஷிஜினுக்கு வயிறு நோவத் தொடங்கியபோது படகு தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து இரண்டு நாள் ஓட்டத் தொலைவில் நின்றது. ஐந்து நாள் வெறும் வலையை இழுத்து அலுத்துப்போய், அன்றைக்குக் காலையில்தான் சூரை மீன் கண்ணில் பட்டிருந்தது.

"தொப்புளச் சுத்திப் பிடிச்சு நோவுது மச்சான்" என்றான் ஷிஜின். அவன் ததேயுஸின் தங்கை லிஜாவைக் கட்டியவன். ததேயுஸ்தான் படகின் சிராங்கு. எங்கே வலை விடுவது, எப்போது கரைக்குத் திரும்புவது, எல்லாம் அவர் சொல்வதுதான்.

"கேஸா இருக்கும் மக்கா. ஓமத்தண்ணி குடி."

மத்தியானத்துக்குள் நோவு இடப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. வாந்தி எடுத்தான். உடம்பு கொதித்தது. சமையல் பார்க்கும் மரியஜான்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்பண்டிக்ஸா இருக்குமோ அண்ணே? கரைக்கு விட்டிருவமா?"

ததேயுஸ் பனியனைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். "இங்க பாரு. குவைத்துல வச்சுக் கீறினது. எந்தப் பக்கம்? வலது. இவனுக்கு நோவது இடப்பக்கம்லா? அப்பண்டிக்ஸ் என்ன, இஷ்டத்துக்கு வீடு மாறுமாலே?"

எல்லாரும் சிரித்தார்கள். ஷிஜினும் சிரிக்கப் பார்த்தான். பாவிப்பயல், அவனாவது சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

ததேயுஸைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தங்கை புருஷனைக் கூடப்பிறந்த தம்பியாகத்தான் வைத்திருந்தார். ஆனால் மீன் கண்ட கடலை விட்டு வர மனசு வர வேண்டுமே, அது வரவில்லை. போதாததற்குச் சொந்த வயிறே சாட்சி சொல்லும்போது வேறு யாரைக் கேட்பது?

மறுநாள் சாயங்காலம் நோவு சட்டென்று விட்டது. ஷிஜின் இரண்டு வாய் கஞ்சி குடித்தான். "நான் அப்பவே சொன்னேன்லா!" என்று ததேயுஸ் அவன் முதுகில் தட்டிவிட்டு மறுபடி வலை விடச் சொன்னார். உள்ளே குடல்வால் வெடித்ததால்தான் அந்த நோவு அடங்கியது என்று அங்கே யாருக்குத் தெரியும்? விடியும்போது வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. அதற்கப்புறம்தான் படகைத் திருப்பினார். இரண்டு நாளும் சுக்கானை விட்டு அவர் நகரவில்லை. வாய் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். பிழைக்கவில்லை.

டாக்டரம்மா ததேயுஸைத் தனியே கூப்பிட்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "கருவுல இருக்கும்போது குடல் சுத்தித் திரும்பி, பெருங்குடல் தொடங்குற பை வலப்பக்கம் வந்து உட்காரணும். இவருக்கு அந்தத் திருப்பம் பாதியில நின்னுபோச்சு. பை இடப்பக்கமே தங்கிட்டு. அதுல தொங்குற குடல்வாலும் அங்கேதான். அபூர்வமா சிலருக்கு இப்படி இருக்கும். ஸ்கேன் இல்லன்னா நாங்களே ஏமாந்திருப்போம். ஆனா நோவு வந்த அன்னைக்கே கிளம்பியிருந்தா..." ததேயுஸ் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் லிஜா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"கரைக்குப் பக்கத்துல சிக்னல் கிட்டினப்போ எனக்குப் போன் பண்ணினாரு அண்ணா. 'நோவுன்னு சொன்ன ஒடனே மச்சான் போட்டத் திருப்பிட்டாரு, நீ பயப்படாத'ன்னாரு. நீ ஒன்னால ஆனதச் செஞ்சிட்ட. மனசு விடாத."

ததேயுஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் படத்தைக் காட்டி, யாருக்கும் பிடிபடாத வியாதி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் அவ்வளவு நம்பிக்கையாகக் கையைப் பிடித்திருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"இல்லட்டி மக்கா. ரெண்டு நாளு நான் திரும்பல. மீனு கிட்டுதேன்னு வலை விட்டுட்டுக் கெடந்தேன். அவனுக்கு நல்லாத் தெரியும்."

லிஜா கையை உருவிக்கொண்டாள்.

"அவரு எங்கிட்டக் கடைசியாச் சொன்னது அது ஒண்ணுதான்" என்றாள். "அதையும் எடுத்துட்டியே அண்ணா."