கீழே ஓட்டை வைத்த பை

பையக்காவுக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டே போனைத் தடவியபோது. அவள் இன்னும் விற்பனைக்கே விடாத பை, திரையில் வேறொரு கடையின் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே மடிப்பு, அதே பக்கவாட்டு ஜிப், சாப்பாட்டு டப்பா சாயாமல் நிற்பதற்காக அவள் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த அதே தட்டையான அடிப்பாகம். விலை மட்டும் குறைவு. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோள்பைகளைத் தைத்து இணையத்தில் விற்பவள் அவள். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தக் கடை கிடையாது. ஊசி முதல் கட்டில் வரை எல்லாம் விற்கும் ஒரு பெரிய இணையச் சந்தையில், ஒரு மூலையில் அவளுக்கும் ஒரு பக்கம் இருந்தது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருந்த நீளமான அறைதான் பட்டறை. நடுவில் துணி வெட்டும் மேசை, ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின், கதவோரம் அட்டைப்பெட்டி மலை. துணி வெட்டுபவரைக் கத்திரி என்பார்கள். கையும் அப்படி, வாயும் அப்படி. பெட்டி கட்டி முகவரி ஒட்டும் பெண்மணிக்கு லேபிள் என்று பெயர். படம் எடுப்பது, பக்கத்தைத் தயார் செய்து வைப்பது, வாங்கியவர்களின் கேள்விகளுக்குப் பதில் போடுவது எல்லாம் கொழுந்தன், அவள் கணவரின் தம்பி. அண்ணி கூப்பிட்டாள் என்ற ஒரே காரணத்துக்காக, இருந்த ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்தவன்.

புதுப் பை எதுவானாலும் மாதிரியை அவளே தைப்பாள். விற்பனை தொடங்கிய பிறகுதான் அது வெளியே தையல்காரர்களுக்குப் போகும். அப்படியென்றால் முன்கூட்டியே பார்த்தவர்கள் இந்த அறைக்குள் இருக்கிறவர்கள்தான். 

"ஒரே மாதிரி ரெண்டு பேருக்குத் தோணக் கூடாதா என்ன?" என்றார் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எப்படி பிரேக்கை மிதித்தாலும் முகம் மாறாத மனிதர்.

"தோணலாம். ஜிப் எங்க வைக்கணும்னு கூடவா தோணும்?"

"அப்போ அந்தப் பைய ஒண்ணு வாங்கிப் பாரேன்."

"நல்லா இருக்கே! என்னைக் கொள்ளையடிச்சவனுக்கு நானே வியாபாரம் குடுக்கணுமா?"

அடுத்த பையும் அப்படியே வெளியே வந்தபோது, இனி யாரும் அவளுக்குத் தற்செயல் என்று கதை சொல்ல முடியாது. அந்த நாட்களில் அவள் இணையத்தில் ஒரு நிர்வாகப் பயிற்சி வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட் போட்ட ஒருவர், தலைமை என்பது எல்லாவற்றையும் பார்ப்பது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவளும் பார்க்க ஆரம்பித்தாள். மேசைக்கு மேலே ஒரு கேமரா வந்தது. லேபிள் போனில் சிரித்தால், யாரோடு என்று காதைத் தீட்டினாள். கத்திரி ஜன்னலருகே நின்றால், கீழே யாராவது காத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். இருமினால்கூட அது யாருக்கோ சைகை என்று தோன்றியது.

கத்திரி மேல்தான் முதலில் கண் விழுந்தது. சாப்பாட்டுக்கு வெளியே போகிறவர், வெட்டிய துண்டுகளை அட்டையில் வரைந்து பார்க்கிறவர், "இந்தப் பைக்கு இன்னும் நல்ல விலை வைக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்கிறவர். ஒரு சாயங்காலம் அவர் கிளம்பும்போது பையக்கா கதவை மறித்து நின்றாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம். உங்க பைய கொஞ்சம் திறந்து காட்டுங்க."

"எதுக்கு?"

"எல்லார்கிட்டயும்தான் கேக்கறேன்."

கத்திரி திரும்பி லேபிளைப் பார்த்தார். லேபிள் தரையைப் பார்த்தாள். எல்லாரிடமும் கேட்கவில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. அவர் பையைத் தலைகீழாக மேசை மேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு. அவ்வளவுதான்.

"போதுமாம்மா? சட்டையையும் கழட்டணுமா?"

அவள் கதவைவிட்டு விலகி நின்றாள். மறுநாள் அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மனதின் ஒரு மூலை, பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு ஓடிவிட்டது என்றது. அந்தக் குரலையே அவளும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அவர் போன பிறகு தைத்த பையும் அந்த வேறொரு கடையில் வந்து நின்றது.

மிச்சம் இருந்தது லேபிளும் கொழுந்தனும். இருவரையும் வைத்து அவள் ஒரு பொறி போட்டாள். வேண்டுமென்றே இரண்டு கிறுக்குத்தனமான பைகளைத் தைத்தாள். ஒன்றின் வாரில் பாக்கெட். அதை லேபிளிடம் மட்டும் காட்டி, "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். இன்னொன்றில் நனைந்த குடையைச் செருக ஒரு அறை, அதில் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை. அதைக் கொழுந்தனிடம் கொடுத்து, படமெடுத்து வைக்கச் சொன்னாள். அவன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சூப்பர் அண்ணி" என்றான். வீட்டுப் பிள்ளையையே சோதிக்கிறோமே என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பையைத் திரும்ப வாங்கவில்லை.

கொஞ்ச நாளில் ஓட்டைப் பை வந்தது. அந்தக் கடையில், அடியில் அதே ஓட்டையோடு.

அன்று அவள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்கு வந்து, கணவரும் கொழுந்தனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ன?"

அவன் பார்த்தான். முகம் வெளுத்தது. அந்த வெளுப்பே போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணி, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"இந்தப் பைய உன்னைத் தவிர யாருமே பாக்கல. உனக்காகத்தான் தைச்சேன், நீ மாட்டறியான்னு பாக்க. எவ்வளவு குடுத்தாங்க?"

கணவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "நிறுத்து. அவன் என் தம்பி."

"தெரியும். அதனாலதான் இவ்வளவு நாள் என் கண்ணு அவிஞ்சு போச்சு."

கொழுந்தன் எழுந்தான். தட்டைக் கழுவி வைத்தான். துணிமணிகளை எடுத்துக்கொண்டு நண்பனின் அறைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து கணவர் வீட்டில் தேவைக்கு மட்டும் பேசினார். காலையில் காபி டம்ளரை வாங்கும்போதுகூட அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

பட்டறையில் வேலை குவிந்தது. கொழுந்தன் செய்ததையெல்லாம் அவளே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சந்தையின் பக்கத்தில் எதை எங்கே அழுத்துவது என்று தட்டுத் தடுமாறினாள். வெறியோடு ஒரு புதிய பையையும் தைத்தாள். இந்த முறை யாருக்கும் காட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு, லேபிளைக் கூட வெளியே அனுப்பிவிட்டு, துணியை அவளே வெட்டினாள், அவளே படமெடுத்தாள். முன்பக்கம் திறந்தால் புத்தகம் போல விரியும் பை. இத்தனை காலத்தில் தைத்ததிலேயே அதுதான் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. படங்களைச் சந்தையில் ஏற்றி, விவரம் எழுதி, இன்னும் வெளியிடாமல் வரைவாகச் சேமித்து வைத்தாள். கொழுந்தன் எப்போதும் அப்படித்தான் செய்வான். சந்தைக்காரர்கள் சரிபார்த்து அனுமதி தர நாளாகும் என்பதால்.

அனுமதி வருவதற்குள் அந்தப் பை வந்துவிட்டது. புத்தகம் போல விரிந்துகொண்டு, அந்த வேறொரு கடையில்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அறையில் யாரும் இல்லை. தலைக்கு மேலே அவளே மாட்டிய கேமரா சின்னச் சிவப்பு விளக்கோடு பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பையைப் பார்த்தவர்கள் யார் என்று விரலை நீட்டினால், அவளைத் தவிர யாரும் மிஞ்சவில்லை.

அவளைத் தவிர, அந்தச் சந்தை.

முதல்முறையாக அந்தக் கடையில் ஒரு பையை வாங்கினாள். பெட்டி வந்ததும் கிழித்தாள். உள்ளே தைத்திருந்த சின்னத் துணிப்பட்டையில் தயாரித்தது யார், யாருக்காக என்று இருந்தது. சந்தையின் பெயரேதான். அந்த வேறொரு கடை, சந்தை தனக்கே வைத்துக்கொண்ட இன்னொரு முகம். இவள் வரைவில் வைத்ததையெல்லாம் அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கிறார்கள். ஒளித்து வைக்கக்கூட இல்லை. வாங்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சந்தைக்குப் புகார் எழுதினாள். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே வரி, எழுத்துப் பிசகாமல் வந்தது. அந்தப் பக்கம் சண்டை போடக்கூட ஒரு ஆள் இல்லை.

கொழுந்தன் ஒரு பார்சல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மதிய இடைவேளையில் அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். அவன் வெளியே வந்து, அவளைப் பார்த்து, ஓரமாக இருந்த சிமெண்ட் திட்டைக் காட்டினான். உட்கார்ந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துணிப்பட்டையையும் காட்டினாள்.

"தப்பு என்னோடதுதான்ப்பா. உன்னைப் போய் அப்படிக் கேட்டுட்டேன்."

அவன் பட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"திருடன்னு நெனச்சது கூட போகட்டும் அண்ணி. அந்த ஓட்டைப் பைய குடுத்தீங்களே, எனக்கு அது நிஜமாவே பிடிச்சிருந்துச்சு. நாள் முழுக்க குடைய நனைச்சு நனைச்சு வச்சு, தண்ணி வடியறத படம் எடுத்தேன். எங்க அண்ணி மூளையே மூளைன்னு அண்ணன்கிட்ட பீத்திக்கிட்டேன். அது எனக்கு வச்ச பொறின்னு தெரிஞ்சப்போதான்..."

பட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.  மன்னிப்பு என்ற சொல்லை எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பைக்கு ஈடாகாது என்று தெரிந்தது.

"வந்துடு" என்றாள்.

"யோசிக்கறேன். ஆனா ஒண்ணு. சந்தேகம் வந்தா நேரா என்கிட்ட கேளுங்க. பொறி வைக்காதீங்க."

யோசித்துவிட்டு வந்தான். முதலில் கேமராவைக் கழற்றினான். பிறகு சந்தையில் புதுப் பை எதையும் ஏற்றக்கூடாது என்று முடிவு செய்து, அவர்களுக்கென்று தனியாக ஒரு இணையக் கடை கட்டினான். ஆர்டர்கள் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தன. பழைய பைகளைச் சந்தையில் விற்றுத்தான் வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. கணவர் மறுபடி பேச ஆரம்பித்தார், முதலில் சமையலில் உப்பைப் பற்றி, பிறகு மற்றதைப் பற்றியும்.

கத்திரி மட்டும் திரும்பவில்லை. அவர் வீட்டுக்கே போனாள். வாசலில் நின்றபடி முழுதும் கேட்டார். "உள்ள வாம்மா, தண்ணி குடி" என்றார். குடித்தாள். "உன் மேல கோவம் இல்ல. ஆனா அந்தக் கதவைத் தாண்டி என் கால் வராது" என்றார். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. இப்போது துணியை அவளே வெட்டுகிறாள். அவர் வெட்டியதுபோல் ஓரம் நேராக வருவதில்லை.

புதுப் பை தைத்தால் இப்போதெல்லாம் மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றுதான் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு மாதிரியை விரித்து வைத்து, அதன் வாரை எங்கே தைக்கலாம் என்று யோசித்தபடி பையக்கா லேபிளின் பக்கம் கொஞ்ச நேரம் வெறித்துவிட்டாள். லேபிள் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"அக்கா, சத்தியமா நான் ஒண்ணும் எடுக்கல!"

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். லேபிளும் சிரித்தாள். பையக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, துணியில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தாள்.