மூன்றாவது முறை வெட்டிய மண்

என் கணவர் கோப்லா தினமும் காலையில் வானொலி நிலையத்துக்குப் போன் போட்டு அரசாங்கத்தைத் திட்டுவார். எங்கள் கானாவில் இப்படி ஊருக்கு நாலு பேர் உண்டு. வோல்டா பக்கத்தில் இவர்தான் மூத்தவர். நான் விற்பனைக்குக் கெங்கி அவிக்க மக்காச்சோள மாவை உருண்டை பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் வாசலில் நின்று முழங்குவார்.

"தங்கம் நம்மளது, கோகோ நம்மளது, அப்புறம் ஏன்யா கடன் வாங்கறோம்? மந்திரிக்குத் தலைவலின்னா லண்டன் போறாரு. நம்ம பொண்ணுங்க பிரசவ வலியோட ஓடையில எறங்கணுமா? ஆப்பிரிக்கா சொந்தக் கால்ல நிக்கணும்யா."

சொல்வதெல்லாம் நியாயம்தான். பேசி முடித்ததும் இவருடைய சொந்தக் கால்கள் நேரே நாற்காலிக்குப் போய்விடும், அதுதான் என் குறை.

எங்கள் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே அந்த ஓடை. சின்னப் பாலம் இடிந்து வருஷக்கணக்காகிறது. வெயில் காலத்தில் கார் எப்படியோ இறங்கி ஏறிவிடும், மழை பிடித்தால் முடியாது. எங்கள் ஒரே மகள் டெலாலிக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் குழந்தையை அக்கரை சேர்வதற்குள் பறிகொடுத்தவள். மேகம் கறுக்கும்போதெல்லாம் நான் மாவை அப்படியே விட்டுவிட்டு வாசலில் போய் நின்றுவிடுவேன்.

நிலத்துக்கு ஓய்வு நாள் என்று ஒன்று எங்களிடம் உண்டு. அன்று யாரும் வயலுக்குப் போகக்கூடாது. ஊர்த் தலைவரின் ஆள் மணி அடித்து எல்லோரையும் ஊர் வேலைக்குக் கூப்பிடுவார். கோப்லா மட்டும் போகமாட்டார். அபராதத்தைப் பெருமையாகக் கட்டுவார்.

"நாம ஒரு கல்லைத் தூக்கிப் போட்டா அவங்க இன்னும் பத்து வருஷம் தூங்குவாங்க. வரி வாங்கறாங்கல்ல? அவங்களே கட்டட்டும்."

"அதுவரைக்கும் உள்ளயே இருன்னு உங்க பேரப்பிள்ளைகிட்ட சொல்லிடவா?"

அவர் செருப்பைத் தேடினார்.

அந்த மாதம் மந்திரி வந்தார், பாலத்துக்கு முதல் மண் வெட்ட. ஏற்கெனவே இரண்டு தேர்தலுக்கு இரண்டு முறை வெட்டியாகிவிட்டது. இது மூன்றாவது முதல் மண். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பள்ளிக்கூட பேண்டு, ரிப்பன் கட்டிய மண்வெட்டி எல்லாம் வழக்கம்போல. இந்த முறை பெரிய சிமென்ட் குழாய்களும் ஜல்லியும் சிமென்ட் மூட்டைகளும் லாரியில் வந்து இறங்கியிருந்தன. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மந்திரி மண் வெட்டினார், போட்டோ எடுத்தார்கள், கார்கள் போயின. கடைசிக் கார் மறைந்ததும் லாரி டிரைவர் கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அண்ணே, நாலு பேர் வாங்க. குழாயை மறுபடி ஏத்தணும். நாளைக்கு அடுத்த ஊர்ல விழா."

கோப்லா எழுந்தார். நேரே போய் ஒரு குழாய்மேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தார்.

"டிரைவர் தம்பி, வானொலியில நேரலை. உங்க பேரையும், குழாய் எந்த ஊருக்குப் போகுதுங்கறதையும் சொல்லுங்க. நாடே கேட்டுட்டிருக்கு."

டிரைவர் பிள்ளைகுட்டிக்காரர். "எனக்கு எதுக்குய்யா வம்பு? நீங்களே வச்சுக்குங்க," என்று காலி லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். போனில் சார்ஜே இல்லை.

அதோடு நிற்கவில்லை மனிதர். தலைவர் சொல்லாமல் ஊர்மணியைத் தொட்டால் ஆட்டுக்கிடா அபராதம். இவர் போய் அதை எடுத்துத் தெருத்தெருவாக அடித்தார். தலைவரே மண்வெட்டியோடு வந்து, பொழுது சாயும்வரை தோண்டி, அதற்குப் பிறகு கிடாவைக் கேட்டார். அந்தக் குழாய்களைப் பதித்துப் பாலம் போட்டு முடிக்கும்வரை, வாரம் முழுக்க ஊரே ஓடையில் கிடந்தது. கோப்லாவின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. நான் ஷியா வெண்ணெய் தடவும்போது சின்னப் பிள்ளைபோல முனகினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டெலாலிக்கு வலி கண்ட விடிகாலையில் மழை கொட்டியது. வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஓடை பழுப்பாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பாலத்தருகே வந்ததும் கோப்லா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நனைந்துகொண்டே காருக்கு முன்னால் நடந்தார், இரண்டடிக்கு ஒருமுறை நின்று தொம் தொம்மென்று குதித்துப் பார்த்தபடி. அவருக்கு அறுபத்தைந்து வயது. நான் தலையை வெளியே நீட்டினேன்.

"என்ன கூத்து இது? வந்து ஏறுங்க. நீங்க போட்ட பாலம்தானே."

"அதான் பயமா இருக்கு, டெலாலி அம்மா," என்றார். "இது உடைஞ்சா நான் யாரைத் திட்டறது?"

டெலாலி வலிக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவரை அவ்வளவு பிடித்தது எனக்கு அப்போது. அவர் குதித்துக் குதித்து முன்னே போக, கார் மெதுவாக அவர் பின்னால் அக்கரை ஏறியது. என் பேத்தி பிறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.