விமானதளத்து ஃபிலிம்

லேலோ கையால் சுற்றிய ஃபிலிமில், அடி வாங்கியவர் உடம்பில் காயம் தெரியாது. அடித்தவர் உடம்பில்தான் தெரியும். பிறரை எங்கே அடித்தாரோ, படத்தில் அங்கேயே அவருக்குக் கன்றியிருக்கும். டார்ட்டு நகரத்துக்கு இது தெரியவந்தது ரஷ்யப் படை விமானதளத்தைக் காலி செய்துவிட்டுப் போன மறு வருடம்.

போனவர்கள் வானிலிருந்து படமெடுக்கும் அகலமான ஃபிலிம் சுருள்களைக் கிடங்கில் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டுடியோ வைத்திருந்த லேலோ அவற்றைப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்து வந்தாள். அவளுடைய கேமராவுக்கான ஃபிலிம் கடையில் கிடைக்காத காலம். கும்மிருட்டில், பிளேடு பதித்த மரப்பெட்டி வழியாகச் சுருளை இழுத்துப் பட்டையாகக் கிழிப்பாள். பழைய ரோல்களிலிருந்து சேர்த்துவைத்த, வெளிச்சம் படாமல் மறைக்கும் எண் அச்சடித்த தாளோடு அதைச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவாள். முனையைக் கடைசியில்தான் ஒட்ட வேண்டும். முதலிலேயே ஒட்டினால் நடுவில் புடைத்துக்கொள்ளும்.

முதல் படங்களிலேயே கணக்கு வாத்தியார் காது கிழிந்து வந்தார். சாந்தமான பாதிரியார் முன்பல் இல்லாமல் வந்தார். இருவரும் படத்தை வாங்காமலே போனார்கள். "குண்டு எங்கேருந்து வந்துதுன்னு தேடப் பண்ணின ஃபிலிம்தானே, வேற எதைத் தேடும்?" என்றார் தபால்காரர் எவால்ட். ஊர் அதை ஒப்புக்கொண்டு உருளைக்கிழங்கு நடப் போனது.

மே மாதம் லேலோவின் தம்பி ரெய்ன், தனக்கு நிச்சயமான மாரெட்டோடு ஜோடியாகப் படமெடுத்துக்கொள்ள வந்தான். அவனுடைய முதல் மனைவி ஹெல்வி கப்பலேறிப் பின்லாந்து போய்த் திரும்பாதவள். கழுவி எடுத்த படத்தில் மாரெட் சிரித்துக்கொண்டிருந்தாள். ரெய்னுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, உதடு பிளந்திருந்தது, கழுத்தைச் சுற்றி விரல் தடங்கள். லேலோ அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எரித்துவிடலாமென்று அடுப்பு வரை போனாள். பிறகு திரும்பி வந்து, படத்தைப் பெரிதாக்கித் தெருப் பக்கத்துச் சன்னலில் வைத்தாள்.

மத்தியானம் ரெய்ன் வந்தான்.

"அக்கா, எடு அதை."

"எடுக்க மாட்டேன்டா. ஹெல்வி கழுத்த நெரிச்சது நீதானே?"

"அவ பேசின பேச்சுக்கு..." என்று தொடங்கியவன், முடிக்காமல் கேமரா முக்காலியைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. கீழே விழுந்தவளின் கழுத்தை ஒரு கையால் பிடித்து, மறுகையை மேசையில் ஊன்றிக்கொண்டான். சன்னலில் படத்தைப் பார்த்த மாரெட் உள்ளே ஓடிவந்தாள்.

"விடுடா அவங்கள!"

"நீ வெளிய நில்லுடி. உன்ன அப்புறம் பாத்துக்கறேன்."

மாரெட் வெளியே நிற்கவில்லை. மேசையிலிருந்த பிளேடுப் பெட்டியின் மூடியைத் தட்டிவிட்டு, பிளேடு கீழே பார்க்க ஊன்றியிருந்த கையின் மேல் ஓங்கி அழுத்தி இழுத்தாள். இரண்டு விரல்கள் படம் கழுவும் தட்டில் விழுந்தன. ரெய்ன் அலறிக்கொண்டு, கையைச் சட்டையில் சுருட்டியபடி ரயில் நிலையத்துக்கு ஓடினான். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. லேலோ அந்தத் தட்டைக் கழுவிய நாள் தவிர வேறென்றும் தம்பிக்காக அழவில்லை.

மூக்கு கோணலாகச் சேர்ந்தபின் அவள் மாரெட்டைப் படமெடுத்தாள். முழு விரல்களோடு உட்கார்ந்த மாரெட்டுக்குப் படத்தில் இரண்டு விரல்கள் இல்லை.

"நல்லா வந்திருக்கு அக்கா. பெருசா போட்டுக் குடுங்க, சமையலறைல மாட்டணும்" என்றாள் மாரெட்.

இப்போதெல்லாம் டார்ட்டுவில் கல்யாணப் பதிவு அலுவலகத்துக்குப் போகும் முன்பு லேலோவின் ஸ்டுடியோவுக்கு ஜோடியாகப் போவது வழக்கம். ஈரம் சொட்டும் ஃபிலிமை மணப்பெண் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். சில மாப்பிள்ளைகளுக்கு அன்றைக்கென்று ஜலதோஷம் வந்துவிடும்; அந்தக் கல்யாணங்கள் நடப்பதில்லை.