நடுப்புள்ளி

கிளைட்டன் அண்ணனின் ஜிபிஎஸ் கடலில் விழுந்தபோது, அதில் அவன் சேர்த்து வைத்திருந்த இடங்களும் கூடவே போயின. ஒன்றும் ஏற்றாத புதுக் கருவியோடு போன வாரம் இருட்டில் கிளம்பியவன், தீவின் ஓரப் பாறையில் படகை உரசிவிட்டான். படகு ஜேசுபாதம் அண்ணாச்சியுடையது. இன்னொரு தடவை உரசினால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

மில்லர்புரத்தில் நான் போகும் மாலை வகுப்பில், யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய பொது வரைபடத்திலிருந்து தகவல் எடுக்கக் கற்றுத் தருகிறார்கள். நாலு வரியில் கேள்வி எழுதினால் கேட்ட இடங்களைத் தரும். நம் கரைக்கு எதிரே உள்ள தீவுகளையும் துறைமுகத்தையும் கேட்டேன். வந்ததை ஜிபிஎஸ் படிக்கும் கோப்பாக மாற்றச் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். பிழை எதுவும் காட்டவில்லை. என் வேலையில் பிழை காட்டாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சரிபார்த்தேன். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வளைந்து வெகுதூரம் கடலுக்குள் போகும். கோப்பில் அது ஒரே ஒரு புள்ளியாக இருந்தது. அந்தப் புள்ளியும் கல்லின் மேல் இல்லை. உள்ளே, கப்பல் நிற்கும் தண்ணீரில் கிடந்தது.

அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. பிறகு கேள்வியையே திரும்பப் படித்தேன். வகுப்பில் மருந்துக்கடைகளைத் தேடியபோது எழுதிய கடைசி வரியை அப்படியே விட்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுப்புள்ளியை மட்டும் தா என்பது அதன் பொருள். மருந்துக்கடைக்கு நடு போதும். வளைந்த சுவருக்கு நடு என்பது சுவரிலேயே இல்லை. அப்படியானால் தீவுக்கு?

ஏற்றிய புள்ளியை நூறு மீட்டர் நெருங்கினால் கத்தும்படி அண்ணன் கருவியை வைத்திருந்தான். தீவின் நடுவிலிருந்து நூறு மீட்டர் என்றால் அதுவே தரைதான். படகு பாறையில் ஏறி நின்றாலும் கருவி வாய் திறக்காது.

கரைக்கோட்டை முழுதாகக் கேட்டேன். கருவி தாங்காத அளவுக்குப் புள்ளிகள் வந்தன. எவ்வளவு குறைத்தால் தீவின் உருவம் கெடுகிறது என்று அழித்து அழித்துப் பார்ப்பதிலேயே சாயங்காலம் போய்விட்டது.

அண்ணன் திரையைப் பார்த்துச் சிரித்தான். "என்னளா, தீவுக்குப் பாசிமாலை போட்டு வச்சிருக்க?"

"இதுல கரை மட்டுந்தான் இருக்கு. தண்ணிக்குள்ள கெடக்க பாறை இல்லண்ணே."

வரைந்தவர் யார் என்று கேட்டான். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து யாரோ வரைந்திருப்பார்கள் என்றேன். கத்த வேண்டிய தூரத்தை நூறிலிருந்து ஐந்நூறு மீட்டர் ஆக்கினான்.

மறுநாள் மதியம் படகு கீறல் இல்லாமல் திரும்பியது. அண்ணாச்சி குனிந்து அடிப்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இருட்டுக்குள்ள கத்துச்சு. இஞ்சின அமத்திட்டு நின்னேன்" என்றான் அண்ணன். "விடிஞ்சு பாத்தா முன்னால தண்ணிக்குள்ள பாறை. அந்த எடத்த கருவியில அமுக்கி வச்சிருக்கேன். உன் படத்துல ஏத்திருவியா?"

வரைபடத்திடம் கேட்கத்தான் கற்றிருக்கிறேன்; அதில் சேர்த்ததில்லை. நீரடிப் பாறையை அதில் எந்த வகையில் போடுவது என்று வகுப்பில் சண்முகசுந்தரி மிஸ்ஸிடம் இன்று கேட்க வேண்டும். அண்ணன் பார்த்தது ஒரு ஓரத்தை மட்டும்தானாம். அது எதுவரை போகிறது என்று தெரியாமல் புள்ளியாகப் போடலாமா என்பதையும்.