காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவள்

கேள்வி கேட்பதில் கொக்கியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டில் வைத்த பெயர் வேறு. பள்ளிக்கூடமே கூப்பிடுவது இந்தப் பெயரைச் சொல்லித்தான். யாரையாவது பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டாள். ஏன், எதற்கு, அப்புறம் என்ன ஆச்சு என்று குடைந்தெடுத்துவிடுவாள். உயிரியல் வாத்தியார் அவள் எதிரே வருவதைப் பார்த்தால் வேறு படிக்கட்டில் இறங்கிப் போவார், பாவம். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் மாதக்கணக்கில் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

அது அம்மாவைப் பற்றிய கேள்வி. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் விசாரணைக் கவுண்டரில் வேலை. சாயங்காலம் வருவாள், குடியிருப்புக்குக் கீழே காரை நிறுத்துவாள், இன்ஜினை அணைப்பாள். ஆனால் இறங்கமாட்டாள். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது மாடி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கார் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கைகள் தெரியும். போனில் பேசுகிறாள் போல என்றுதான் கொக்கி முதலில் நினைத்தாள். கையில் போன் இல்லை. அதற்குப் பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லையோ? கேட்கப் போய், ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

இப்படி இருக்கும்போதுதான் இலக்கிய வகுப்புக்கு ஒரு பிரிட்டிஷ் நாவல் வந்து சேர்ந்தது. இந்தக் காலத்து நாவல். அதில் ராஜா இல்லை, பேய் இல்லை, ஒரு கொலை கூட இல்லை. மழை விட்டபாடில்லாத ஏதோ ஒரு ஊர், சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண். தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று நாவல் கடைசி வரை மூச்சு விடவில்லை. முதல் அத்தியாயத்தைப் படித்ததும் கொக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் அடுத்த அத்தியாயத்தையும் படித்தாள்.

வகுப்பில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடன் என்றது ஒரு பெஞ்சு. கள்ளக் காதல் என்றது கடைசி பெஞ்சு. அதற்கு எந்தப் புத்தகம் கொடுத்தாலும் இதே பதில்தான். வக்கீல் என்று பெயர் வாங்கிய பையன் எழுந்து நின்றான்.

"அவளுக்குக் குடும்பத்து மேல பாசம் இல்ல, டீச்சர். அவ்வளவுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

எப்போதும் முதலில் தூக்கும் கையை அன்றைக்குக் கொக்கி தூக்கவே இல்லை.

இலக்கிய டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாற்காலியை முன்னால் போட்டுவிடுவார். பிள்ளைகள் அதைக் கூண்டு என்பார்கள். அதில் உட்காருகிறவர் கதையில் வரும் ஆளாகவே மாறிவிட வேண்டும். மற்றவர்கள் என்ன கேட்டாலும் "நான்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் புத்தகத்தில் இடம் காட்டியாக வேண்டும். டீச்சர் கதவோரம் நின்றுகொண்டு "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை கொக்கி தானாகவே போய்க் கூண்டில் உட்கார்ந்தாள். அந்த நாவல் பெண்ணாக மாறிப் பார்த்தால் காரணம் பிடிபடுமோ என்று ஒரு நப்பாசை.

"நீங்க ஏன் கார்லயே உட்கார்ந்திருக்கீங்க?" வக்கீல் ஆரம்பித்தான்.

"கால் வலிக்குது. நாள் பூரா நிக்கிற வேலை."

"எந்தப் பக்கம்?"

"நாப்பத்தொண்ணு, டீச்சர்."

"கால் வலிச்சா உள்ள போய்த்தானே நீட்டிப் படுக்கணும்? யாரோட போனுக்காகக் காத்திருக்கீங்க?"

கடைசி பெஞ்சு ஓவென்று ஊளையிட்டது.

"யாரும் போன் பண்ண மாட்டாங்க. போன் பைக்குள்ள கிடக்கும். ரேடியோவையும் அணைச்சிடுவேன்." கொக்கியின் குரல் இறங்கிவிட்டது. "கழுத்துல இருக்கற அடையாள அட்டையைக் கழட்டுவேன். அதோட நாடாவ விரல்ல சுத்திச் சுத்தி, முன்னாடி பெட்டிக்குள்ள வைப்பேன். அப்புறம் நிமிர்ந்து மாடி ஜன்னலப் பார்ப்பேன். சமையல்கட்டுல லைட் எரியும். எனக்காக ஒருத்தி அங்க நிக்கிறாள்னு தெரியும். தெரிஞ்சும் இறங்க மாட்டேன்."

"எந்தப் பக்கம்?"

கொக்கி பக்கங்களைப் புரட்டினாள். முன்னும் பின்னும் புரட்டினாள்.

"அவங்க வீட்டுக்கு மாடியே கிடையாதே," என்றான் வக்கீல். "அடையாள அட்டையும் கிடையாது. இவ எந்தக் கதையச் சொல்றா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கொக்கிக்குக் காது வரைக்கும் எரிந்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழுந்து வா. திங்கட்கிழமை திரும்ப உட்காரு. பக்கத்தோட வா," என்றார்.

பக்கத்துக்கு எங்கே போவது? அவள் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இனிமேலும் கேட்காமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும் என்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் கீழே இறங்கிப் போய், அம்மாவின் கார் வந்து நின்றதும் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள்.

அம்மா பதறிவிட்டாள். "என்னடி? தம்பிக்கு ஏதாவது...?"

"ஒண்ணும் இல்லம்மா. பாடத்துல ஒருத்தி வர்றா. இப்படித்தான் காரை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கா. ஏன்னு எழுதவே இல்ல."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "இப்ப அவளைப் பத்திக் கேக்கறியா, என்னைப் பத்தியா?"

"உன்னைப் பத்திதான்." கொக்கி ஸ்டியரிங்கில் இருந்த அம்மாவின் கைகளைப் பார்த்தாள். "வீட்டுக்கு வரப் பிடிக்கலையாம்மா?"

கேட்டாகிவிட்டது. அம்மா வாயைத் திறப்பதற்குள் கொக்கிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"காலைலேருந்து எனக்குக் கேள்விதான்," என்றாள் அம்மா. "எந்த வார்டு, டாக்டர் எப்ப வருவாரு, எங்க அப்பா பிழைச்சுக்குவாரா. பிழைச்சுக்குவாரான்னா நான் என்னத்தச் சொல்ல? ஆனா மூஞ்சியப் பார்த்து ஏதாவது சொல்லித்தான் ஆகணும். மேல வந்தா தம்பி, என் சட்டை எங்கம்பான். அப்பா, சாவி எங்கம்பாரு. அப்புறம் நீ."

"நானா?"

"நீதான் எல்லாத்துக்கும் மேல. நான் செருப்பக் கழட்டறதுக்குள்ள ஆரம்பிச்சிடுவ." அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் கொக்கிக்குச் சுருக்கென்றது. "வரப் பிடிக்காம இல்லடி, பைத்தியம். என்னை யாரும் ஒண்ணும் கேக்காத இடம் இது ஒண்ணுதான். இங்க கொஞ்ச நேரம் சும்மா இருந்தாத்தான் மேல வந்து உங்ககிட்ட முகம் குடுத்துப் பேச முடியுது."

மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இறங்கின இடத்திலேயே வலித்தது. தினமும் தன்னிடமிருந்தும் கொஞ்ச நேரம் தப்பிக்கத்தான் அம்மா இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அப்படியானால் இனி நான் உன்னை எதுவும் கேட்கக் கூடாதா என்று ஒரு கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கொக்கி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு அம்மாவே கேட்டாள்.

"அந்தக் கதைல வர்றவ, கடைசில என்ன பண்றா?"

"இறங்கி உள்ள போறா. ஒவ்வொரு அத்தியாயம் முடியறப்பவும் போறா. மழை கொட்டினாலும் போறா."

சொல்லும்போதுதான் கொக்கிக்கு உறைத்தது. ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று வகுப்பே மண்டையை உடைத்துக்கொண்டது. ஒரு நாள் கூடத் தவறாமல் ஏன் உள்ளே போகிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பக்கம்தானே வேண்டும் டீச்சருக்கு? ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு கடைசிப் பக்கம் இருக்கிறது.

அம்மா சாவியை உருவிப் பையில் போட்டாள். "சரி வா, மேல போகலாம்."

"நீ இரும்மா, மெதுவா வா," என்றாள் கொக்கி. "தம்பி சட்டைய நான் தேடிக் குடுக்கறேன்."

இறங்கி, சத்தம் வராமல் கார்க் கதவைச் சாத்தினாள்.